மழைக்குப் பின் ஒரு பாலைநில மலையிடுக்கு

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மணலும் வெயிலும் நாவறட்சியுமே பெரும்பாலோர் மனத்தில் எழுகின்றன. அங்கே மனிதனுக்கு நேரக்கூடிய பேராபத்து யாது என்று வினவினால், தண்ணீரின்றி இறத்தலே என்று தயங்காது விடை கூறுவர். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே பரந்து கிடக்கும் கொலறாடோ மேட்டுநிலத்தில் வாழ்வோரிடம் அதே வினாவை விடுத்தால், அவர்கள் சற்று நிதானித்தே மறுமொழி பகர்வர். தண்ணீர் இல்லாமையால் அங்கே மாந்தர் இறந்ததுண்டு. தண்ணீர் வந்தமையாலும் இறந்ததுண்டு.

அந்நிலத்தைச் செதுக்கியதும் தண்ணீரே. அதனை அழகுறச் செய்வதும் தண்ணீரே. மழை பெய்து ஓய்ந்தபின் அதன் மலையிடுக்குகளுள் நடந்தவர் அந்தக் காட்சியை வாழ்நாளில் மறப்பதில்லை. அத்தகைய நடை ஒன்றின் இன்பத்தையும், அதனோடு கூடப் பிறந்த அபாயத்தையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

யூற்றா மாநிலத்தின் தென்னடுப் பகுதியில் 'கப்பிற்றல் றீவ்' என்னும் தேசியப் பூங்கா உண்டு. வெண்ணிறமான அதன் பாறைக் குவடுகள் வாஷிங்ரன் நகரிலுள்ள சட்டமன்றக் கட்டிடத்தின் கவிமாடத்தை ஒத்திருப்பதால் 'கப்பிற்றல்' எனப்பட்டது. கடலிற் கப்பலைத் தடுத்து நிறுத்தும் பாறைத்தொடரைப் போல, நிலவழியே வந்தோரைத் தடுத்து நின்றமையால் 'றீவ்' எனப்பட்டது. 1937ஆம் ஆண்டிலே பாதுகாக்கப்பட்ட இடமாக்கப்பட்டு, 1971ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட நிலம் அது.

அதன் நடுவே வடக்குத் தெற்காக ஏறத்தாழ நூறு மைல் நீளத்துக்குப் பூமியின் மேலோடு ஒரு கம்பளம் மடிந்ததுபோல மடிந்து நிற்கின்றது. அதற்கு 'நீர்ச்சுனை மடிப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டுள்ளனர். பெயர்ப் பொருத்தம் பெரிது. அதன் பாறை மேனியெங்கும் மழைநீரைத் தாங்கி நிற்கும் சுனைகள் எண்ணிறந்தன. அப்பாறைகளுள் முதன்மையானது நவஹோ மணற்கல் எனப்படுவதாகும். பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு காலத்தில், காற்றுக் குவித்த மணற்குன்றுகளாக அது கிடந்தது. அக்குன்றுகள் காலப்போக்கில் இறுகிக் கல்லாயின. அன்று காற்று வரைந்த சாய்ந்த கோடுகள் இன்றும் அக்கல்லின் முகத்தில் அழியாதிருக்கின்றன.

அந்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி எட்டு அங்குலமளவே. இலங்கையில் மழை மிகக் குறைந்த மன்னார்ப் பகுதியிற்கூட இதனைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது என்றால், அவ்வறட்சியின் தன்மை புலனாகும். அந்த எட்டு அங்குலத்திற் பெரும் பங்கு ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களையொட்டி வருவது. அக்காலத்தில் தென்திசைக் கடல்களிலிருந்து ஈரக்காற்று மேட்டுநிலத்தின்மீது ஏறுகின்றது. முற்பகலில் வானம் தெளிவாயிருக்கும். நண்பகலுக்குப்பின் வெப்பமேறிய நிலத்தின்மேல் முகில்கள் கோபுரங்களாய் எழும். இடி முழங்கும். ஒரு குன்றின்மேல் மழை கொட்டும். அடுத்த குன்றில் ஒரு துளியும் விழாது. அரை மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும்.

இனி, ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல் ஒன்றை மனக்கண்முன் நிறுத்துக. பூங்காவின் நடுவே புரூற்றா என்னும் பழைய குடியிருப்பு உண்டு. 1880ஆம் ஆண்டையடுத்து மோர்மன் மதத்தைச் சார்ந்த குடியேறிகள் பிறீமொன்ற் ஆற்றின் கரையில் அமைத்த ஊர் அது. மக்கள் நீங்கிவிட்டனர், அவர்கள் நட்ட ஆப்பிள், பீச், பேரி, செரி மரங்கள் மட்டும் இன்றும் பூங்காப் பணியாளரின் பராமரிப்பிற் காய்க்கின்றன. அப்பழத்தோட்டத்தை அடுத்துக் கூடாரமடித்துத் தங்கியிருக்கிறான் ஒரு பயணி. அன்று நடை செல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. திடீரென மழை பிடிக்கின்றது. கூடாரத் துணியிற் சரளைக் கற்கள் விழுவது போன்ற ஓசை. பின்னர் திடீரென ஓய்கின்றது. மேற்கே முகில் கிழிந்து ஒளி பாய்கின்றது. சிவந்த மதில்கள் நனைந்து, புதிதாய்ச் சாந்து பூசியன போல மின்னுகின்றன.

அப்பொழுது எழுகின்றது அந்த மணம். தமிழில் மண்வாசனை என்று எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வருகின்றோம். அதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் 1964ஆம் ஆண்டிலேதான் இடப்பட்டது. இசபெல் பெயார், றிச்சார்ட் தோமஸ் என்னும் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர், வறண்ட காலத்திலே செடிகொடிகளிலிருந்து கசியும் எண்ணெய்களைக் கல்லும் களியும் உறிஞ்சி வைத்திருந்து, ஈரம் பட்டதும் வெளிவிடுகின்றன என்று காட்டினர். அதற்குக் 'கல்லின் குருதி' என்னும் கருத்துப்படக் கிரேக்கச் சொற்களாற் பெயர் புனைந்தனர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கும் ஒருவகைப் பொருளும் இவ்வாசனையிற் கலந்துள்ளது. வட இந்தியாவின் கன்னோசி நகரத்தார் சுட்ட மண்ணிலிருந்து இதே மணத்தை வாலையில் வடித்து, அத்தராக விற்று வந்தமையையும் அவ்விருவரும் தம் கட்டுரையிற் குறிப்பிட்டனர்.

மணம் மனிதனை வெளியே அழைக்கின்றது. எட்டு மைல் தொலைவில் 'கப்பிற்றல் இடுக்கு' இருக்கின்றது. மடிப்பை ஊடறுத்துச் செல்லும் ஆழ்ந்த மலையிடுக்கு அது. இவ்வேளையில் அங்கே மதில்களின் உச்சியிலிருந்து அருவிகள் தொங்கும், சுனைகள் நிறைந்திருக்கும். நாளைக்கு அவ்வருவிகள் இரா. இப்பொழுதே புறப்பட வேண்டும் என்று பயணியின் கால்கள் பரபரக்கின்றன. இத்தகைய ஆசை இயற்கையானதே. ஆனால் அந்நிலத்தில் ஒருவனது உயிர் தங்கியிருப்பது இந்தக் கணத்தில் அவன் செய்யும் முடிவிலேயாகும்.

ஏன் என்பதை விளக்குதல் வேண்டும். மழைநீரைத் தாங்குவதற்கு அங்கே மரச்செறிவில்லை, புல்லில்லை, ஆழ்ந்த மண்ணுமில்லை. இருப்பதெல்லாம் வெறும் பாறை. ஓட்டுக் கூரையில் விழுந்த நீர் ஒரு நொடியும் தங்காது பீலிக்கு இறங்குவதுபோல, பல சதுர மைல் பரப்பில் விழுந்த மழை முழுவதும் ஓடைகளில் இறங்கி, ஓடைகள் ஒன்றுகூடி, ஈற்றில் ஒரு குறுகிய மலையிடுக்கிற் புகுகின்றது. அகன்ற நிலத்தில் முழங்காலளவு பரவவேண்டிய நீர், இருபதடி அகலமுள்ள சந்திலே மனிதனின் தலைக்குமேல் உயர்கின்றது. அது தெளிந்த நீருமன்று. மணலும் களியும் கல்லும் மரமுங் கலந்து, குழைத்த சீமெந்து போலத் தடித்து வருவது. அதன் முகப்பில் முறிந்த கிளைகளும் சருகுகளும் ஒரு வேலிபோல உருண்டு வரும்.

மழை பெய்த இடம் வேறு. வெள்ளம் வரும் இடம் வேறு. இடுக்கினுள் நிற்பவனுக்குத் தலைக்குமேலே நீலவானத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும். பத்து மைலுக்கு அப்பால் மேட்டிலே கருமுகில் கவிந்திருப்பதை அவன் அறியான். தன் தலைமேல் மழை ஓய்ந்துவிட்டது என்பதனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதுவான். உண்மையில் அப்பொழுதுதான் ஆபத்து புறப்பட்டிருக்கும்.

இதற்குச் சான்றுகள் பலவுண்டு. அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் ஊருக்கருகே நவஹோ மக்களின் நிலத்தில் அன்ரலோப் என்ற பெயர்பெற்ற ஆற்றுக்குடைவு உளது. கைகளை விரித்தால் இரு புறச் சுவரையுந் தொடக்கூடிய இடங்கள் அதிலுண்டு. சுவர்கள் பட்டுத்துணி அலைவது போல வளைந்து வளைந்து செல்கின்றன. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி, அதன் கீழ்ப்பகுதியில் நின்ற உல்லாசப் பயணிகள்மீது திடீர் வெள்ளம் பாய்ந்தது. குடைவில் மழை மிகச் சிறிதே பெய்திருந்தது. பெருமழை பெய்ததோ பல மைலுக்கு அப்பால். பதினொருவர் மாண்டனர். இன்று அங்கே உறுதியான இரும்புப் படிகள் பொருத்தப்பட்டுள்ளன. வழிகாட்டி ஒருவரின்றி எவரும் உட்செல்லல் இயலாது.

2015ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, யூற்றாவிலுள்ள சயன் தேசியப் பூங்காவிற் கீஹோல் என்னும் மிகக் குறுகிய குடைவினுள் எழுவர் இறங்கினர். அன்று வெள்ளம் வரக்கூடும் என்று காலையில் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிற்பகலில் வந்த வெள்ளத்துக்கு எழுவரும் இரையாயினர். அதே நாளில் அண்மையிலுள்ள ஹில்டேல் என்னும் ஊரிலே வாகனங்களிலிருந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் காட்டாறு அடித்துச் சென்றது. கப்பிற்றல் இடுக்கிலேயே 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெள்ளம் புகுந்து பயணிகளின் மோட்டார் வண்டிகளைச் சிதைத்தது. நல்வினைப் பயனாக அங்கே உயிர்ச்சேதம் நேரவில்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய துயரமுமன்று. யோர்தான் நாட்டின் பெத்திரா நகருக்குச் செல்லும் வழி, 'சிக்' எனப்படும் நெடிய மலையிடுக்காகும். 1963ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அதனுள் நடந்துகொண்டிருந்த பிரெஞ்சு யாத்திரிகர் இருபதுக்கு மேற்பட்டோரை மழைவெள்ளம் கொண்டு சென்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நகரை எழுப்பிய நபத்தேயர், இவ்வபாயத்தை நன்கறிந்திருந்தனர். இடுக்கின் வாயிலில் அணை கட்டி, அருகிலுள்ள மலையைக் குடைந்து சுருங்கை அமைத்து, வெள்ளத்தை வேறு திசைக்குத் திருப்பி வைத்திருந்தனர். காலத்தால் அந்த அணை அழிந்தது; அதனை மீளக் கட்டவேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் துயரத்துக்குப் பின்னரே உணரப்பட்டது. முன்னோர் அறிந்ததைப் பின்னோர் மறந்தமைக்கு அந்த இருபது உயிர்கள் விலையாயின.

நமது பயணியிடம் மீண்டுஞ் செல்வோம். அவன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பூங்கா அலுவலகத்துக்குச் சென்று, மேட்டிலே மழை நிலவரம் எவ்வாறு, வழி திறந்திருக்கின்றதா என்று கேட்டல் வேண்டும். இத்தகைய பிற்பகலில் அவனுக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: 'மேற்கு மலைகளில் இன்னும் மழை பெய்கின்றது, இன்று இடுக்குகளினுள் இறங்கவேண்டாம்.' ஆசை கொண்ட மனத்துக்கு இச்சொல் கசப்பானது. அருகிலே ஒருவன், 'மழைதான் விட்டுவிட்டதே' என்று சொல்லவுங்கூடும். அறிந்தோன் சொல்லைக் கேட்டவன் அன்றைக்கு உயரமான ஒரு பாறையின்மேல் ஏறி நின்று, கீழே நிகழ்வதைப் பார்க்கின்றான்.

அங்கிருந்து அவன் காணும் காட்சியும் எளியதன்று. காலையில் வெண்மணலாய்க் கிடந்த ஓடைப் படுக்கை காலியாகவே இருக்கின்றது. மழை நின்று அரை மணி நேரம் கழிந்துவிட்டது. இனி ஒன்றும் வராது என்று நினைக்கும் வேளையில், தொலைவிற் புகைவண்டி வருவது போன்ற உறுமல் கேட்கின்றது. வளைவிலே செந்நிறமான நுரை தோன்றுகின்றது. அது விரைந்து ஓடி வருவதுமில்லை. நாக்கை நீட்டி மணலை நக்கிக்கொண்டு வருவதுபோல வருகின்றது. அதன் பின்னாலேயே முழு வெள்ளமும் வந்துவிடுகின்றது. பாறைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை நீரினடியிலிருந்து இடிபோலக் கேட்கின்றது. தான் நடக்க எண்ணிய வழி அதுவே என்று உணரும்பொழுது, அவனுடைய உடல் சிலிர்க்கின்றது.

காலையிலே வானம் தெளிந்திருக்கின்றது. முகில்கள் எழுவதற்குப் பல மணி நேரமுண்டு. அலுவலகத்திலும், வழி திறந்துவிட்டது, நண்பகலுக்குமுன் மீண்டுவிடுக என்கின்றனர். பயணி இடுக்கினுள் நுழைகின்றான்.

முதலிற் காலடியிலேயே வியப்பு. நேற்றைய வெள்ளம் மணலைப் புதிதாய் மெழுகிவிட்டுச் சென்றிருக்கின்றது. பழைய அடிச்சுவடு ஒன்றுமில்லை. வெள்ளம் வடிந்த இடங்களிலே களி உலர்ந்து, ஓரங்கள் சுருண்டு, அப்பளம் போல வெடித்துக் கிடக்கின்றது. மான் ஒன்றின் குளம்பும் சிறு பல்லியின் வாலும் மட்டும் அதிலே எழுத்துப் பொறித்துள்ளன. மதிலின் மேலே ஓராள் உயரத்திற் சருகுகள் சிக்கி நிற்கின்றன. நேற்று நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை அச்சருகுகள் சொல்லாமற் சொல்கின்றன.

இருமருங்கும் மதில்கள் பல நூறு அடி ஓங்கி நிற்கின்றன. அவற்றிலே மேலிருந்து கீழாகக் கருநிறமான நெடுங்கோடுகள் தொங்குகின்றன. இரும்பும் மங்கனீசும் களியுங் கலந்த மெல்லிய பூச்சு அது. பல நூற்றாண்டுகளாக நீர் வழிந்த தடங்களிற் படிந்தது. ஈரம் பட்ட அக்கோடுகள் காலை வெயிலில் கருங்கூந்தல் விரித்தாற்போல மின்னுகின்றன. எங்கோ உயரத்திலிருந்து ஒரு சிறு பறவையின் பாடல் இறங்கி வருகின்றது. மேற்சுரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழ்ச்சுரத்துக்கு இறங்கும் அப்பாடல், ஒருவர் அவரோகணம் பாடிப் பழகுவது போன்றது. மலையிடுக்குகளையே வீடாகக் கொண்ட பழுப்புநிறக் குருவியினம் அது. கல்லின் எதிரொலி அதன் குரலை இரட்டிப்பாக்குகின்றது.

வழியிலே பழைய மாந்தரின் அடையாளங்களும் உள. கி.பி. 300 முதல் 1300 வரையில் அங்கே பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்த மக்கள், தோள் அகன்று இடை சிறுத்த மனித உருவங்களையும், வளைந்த கொம்புடைய மலையாடுகளையும் பாறையிற் கொத்தி வைத்துள்ளனர். அவற்றுக்கு அப்பால், வந்துபோனோர் தத்தம் பெயரும் ஆண்டும் பொறித்த மதில் ஒன்றுண்டு. அதிலே மிகப் பழைய ஆண்டு 1871. பொன்தேடி வந்த இருவரின் பெயர்கள் அங்குள்ளன. 1884ஆம் ஆண்டில் எலைஜா பெஹுனின் என்னும் குடியேறி, இவ்விடுக்கிலே பாறைகளை அகற்றி மாட்டுவண்டிக்கு முதன்முதல் வழி திறந்தான். மூன்றரை மைல் வழியைத் திருத்த எட்டு நாள் சென்றது என்பர். ஒவ்வொரு பெருவெள்ளமும் அவ்வழியை அழித்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் மக்கள் கல்லகற்றித் திரும்ப அமைத்தனர். 1962ஆம் ஆண்டில் ஆற்றோரமாகப் புதிய பெருந்தெரு திறக்கப்படும்வரை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இந்தப் போட்டி நிகழ்ந்தது. ஈற்றில் வெள்ளமே வென்றது. இன்று இடுக்கு முழுவதையும் ஊடறுத்து நடந்து செல்வதன்றி வண்டி செல்வதில்லை.

இடுக்கின் வாயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் நடந்தபின், ஒரு பக்கமாகப் பாறையில் ஏறினாற் சுனைகளைக் காணலாம். நேற்றைய மழையில் அவை நிரம்பியிருக்கின்றன. சுற்றிலும் சுடுபாறையாயிருக்க, அதன் நடுவிலே வானத்தை ஏந்தியபடி தெளிந்த நீர் நிற்கின்றது. சில சுனைகள் கைப்பிடியளவின. சில ஒரு யானை முழுகத் தக்கன. குனிந்து பார்த்தால் அந்நீர் வெறுமையாயில்லை. சிறு சுனைகளிலே, நகக்கண்ணளவான இறாலினங்கள் முதுகு கீழாக நீந்துகின்றன. சில வாரங்களுக்கு முன் அங்கே ஒரு துளி நீரில்லை. இவை எங்கிருந்து வந்தன?

இந்த வினாவுக்கான விடையே பாலைநிலத்தின் பெரிய இரகசியமாகும். அவ்விறாலின் முட்டைகள் காய்ந்த சேற்றிலே தூசியோடு தூசியாகக் கிடந்தன. கோடை வெப்பமும் மாரிக்காலப் பனியும் அவற்றைக் கொல்லவில்லை. ஆண்டுகள் பல அவ்வாறு கிடந்து, நீர் பட்டதும் உயிர் பெறும் ஆற்றல் அவற்றுக்குண்டு. நிலத்தைத் தோண்டிப் புதைந்து வாழும் தேரையினமொன்றும் அங்குளது. தலைக்குமேல் மழைத்துளி விழும் அதிர்வே அவ்வினத்தை எழுப்புகின்றது என ஆராய்ந்தோர் கூறுவர். எழுந்த அன்றிரவே அவை ஒலியெழுப்பித் துணையை அழைத்து முட்டையிடுகின்றன. சுனை வற்றுவதற்குள் தலைப்பிரட்டை தேரையாக வேண்டும். அதற்காக வளர்ச்சி முழுவதையும் சில இனங்கள் இரு வாரத்துக்குள் முடித்துவிடுகின்றன. வற்றுதலோடு ஓடும் ஓட்டம் அது. தோற்ற சுனைகளிலே எல்லாம் மாண்டுபோம்.

இக்காரணத்தாற் சுனைநீரிற் கைகால் கழுவுதலுங் குளித்தலும் ஆகாது. மேனியிற் பூசிய தைலமும் உப்பும் அச்சிறு நீரை நஞ்சாக்கிவிடும். அதுபோலவே, மணலின்மேற் கருமையாய்ப் பொருக்குத் தட்டிக் கிடக்கும் மண்ணிற் கால் வைத்தலும் ஆகாது. அது வெறும் மண்ணன்று. கண்ணுக்குத் தெரியாத பாசியினங்களும் கற்பாசியும் மணலை நூலாற் கட்டியது போலப் பிணைத்து, காற்றிலே பறவாமற் காத்து நிற்கின்றன. மழை பெய்ததும் அப்பொருக்கு உப்பிப் பசுமை காட்டுகின்றது. ஒருவன் பதிக்கும் ஓரடி ஆறுவதற்குப் பல ஆண்டுகள், சிலவிடத்துப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகையால் அங்கே நடப்போர் பாறையிலும், வெள்ளம் ஓடிய மணற்படுக்கையிலுமே அடி வைத்துச் செல்வர்.

மழைக்குப்பின் மணற்கல்லையும் முழுதாக நம்பலாகாது. ஈரம் ஊறிய மணற்கல் தன் வலிமையில் வெகுவாகக் குன்றிவிடும். உலர்ந்தபோது ஓராளைத் தாங்கிய விளிம்பு, நனைந்தபோது கையோடு பெயர்ந்து வரும். பாறையேறுவோர் மழைக்குப்பின் ஓரிரு நாள் பொறுத்திருப்பது இதனாலேயே. சில இடங்களில் நிலத்திலுள்ள ஒருவகைக் களி நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருத்து, வண்டிச் சக்கரத்தைப் பசைபோலப் பற்றிக்கொள்ளும். காய்ந்த பின்னன்றி அவ்வழியே செல்லல் இயலாது.

சூரியன் உச்சிக்கு வருமுன்னரே பயணி திரும்புகின்றான். தெற்கே வெண்முகில் ஒன்று பஞ்சுப் பொதியளவாய்த் தோன்றிவிட்டது. அது இடியேறாகப் பெருகலாம். வீணாய்க் கலையவும் கூடும். அவன் அதனைப் பொறுத்திருந்து பார்ப்பதில்லை. திரும்பும் வழியிலும், வெள்ளம் வருமாயின் எந்த மேட்டில் ஏறுவது என்று இருமருங்கும் நோக்கியே நடக்கின்றான். ஓடும் சிறு நீர் திடீரெனக் கலங்குமாயின், குச்சியுஞ் சருகும் மிதந்து வருமாயின், காரணமில்லாது குளிர்காற்று வீசுமாயின், தொலைவிலே உறுமல் கேட்குமாயின், பொருள்களை எடுக்க நில்லாது உடனே மேட்டில் ஏறவேண்டும். வெள்ளத்தோடு போட்டியிட்டு இடுக்கின் வாயில்வரை ஓட முயன்றோர் வென்றது அரிது. பத்தடி ஏறியவர் பிழைத்ததுண்டு. ஏறியபின் நீர் வடியுமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். வந்த வேகத்திலேயே பெரும்பாலும் அது வடிந்துவிடும். சில மணி நேரப் பொறுமையே உயிரின் விலை.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, பாலை என்பதைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையுங் குறிஞ்சியும் வெம்மையால் தன்னியல்பு இழந்து கொள்ளும் வடிவமாகவே கொண்டனர். அக்கருத்தின் ஆழத்தை இம்மலையிடுக்கிலே உணரலாம். வறண்ட பாறை ஒரு மழையில் அருவியாகின்றது, தூசி உயிராகின்றது, மணல்வழி ஆறாகின்றது. ஒரே நிலம், ஒரே நாளில், இரண்டு முகங் காட்டுகின்றது.

அந்த இரண்டாவது முகத்தைக் காணும் ஆசை தவறானதன்று. முன்னறியாத ஒரு கணத்தில் மனத்தில் எழுந்து, 'வா' என்று வெளியே அழைக்கும் அந்த விருப்பம் மனிதனுக்கு வாய்த்த நற்பேறுகளுள் ஒன்று. அதனை அடக்கி வீட்டிலிருப்பவன் அருவியையுங் காணான், சுனையில் உயிர்த்தெழுந்த இறாலையுங் காணான். ஆனால் அழைப்பு வந்த அக்கணத்திலேயே கால் பெயர்க்கவேண்டும் என்பதில்லை. நமது பயணி இழந்தது ஒரு மாலைநேரத்து அருவிகள். அவற்றையும் மேட்டிலிருந்து ஓரளவு கண்டான். பெற்றதோ, மறுநாட் காலை முழுவதும். கேட்டறிந்து, ஓரிரவு பொறுத்து, வானத்தை நோக்கி நடந்தவன் நண்பகலுக்கு முன் தன் கூடாரத்துக்கு மீண்டான். பழத்தோட்டத்திலே ஆப்பிள்கள் ஈரத்தோடு சிவந்து தொங்கின. அவன் அவற்றின் கீழே அமர்ந்திருக்க, தெற்கே அந்த வெண்முகில் கறுத்து, முதல் இடியை முழக்கியது.